இரைச்சலுக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்றொரு ஊர். 1930-களின் தொடக்கத்தில் அங்கே பழைய உருளைக்கிழங்கு வயல் ஒன்றின் நடுவே, மரமும் உலோகக் குழாய்களுமாகச் சுமார் 30 மீட்டர் நீளத்தில் ஒரு சட்டம் நின்றது. அடியில் ஃபோர்டு மாடல்-டி காரின் சக்கரங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்தவர்கள் அதற்கு ராட்டினம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டியவர் பெல் ஆய்வகத்தின் இளம் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோ அலைகள் வழியே தொலைபேசிப் பேச்சை அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. பேச்சுக்கு ஊடே கரகரவென்று இரைச்சல் வந்து வாடிக்கையாளர்களைப் படுத்தியது. அந்த இரைச்சல் எங்கெங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போடுவதுதான் ஜான்ஸ்கிக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அவர் போட்ட பட்டியலில் மூன்று வரவுகள் இருந்தன. ஒன்று, பக்கத்து இடிமழை. இரண்டாவது, தொலைதூர இடிமழை. மூன்றாவது, எந்நேரமும் 'உஸ்ஸ்' என்று மெலிதாக வந்துகொண்டிருந்த ஓர் ஓசை. அதற்குத்தான் காரணம் தெரியவில்லை. முதலில் அது சூரியனோடு சேர்ந்து நகர்வதாகத் தோன்றியது. மாதங்கள் போகப் போக, அது உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. அதாவது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை வராமல், 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. பூமி நட்சத்திரங்களைப் பொறுத்து ஒரு சுற்று சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் இதுதான். ஓசை வந்த திசை தனுசு ராசி மண்டலம். நம் பால்வெளியின் மையம் இருக்கும் பக்கம். 1933-இல் ஜான்ஸ்கி இதை வெளியிட்டார். ரேடியோ வானியல் என்ற துறை பிறந்தது இப்படித்தான். அடுத்ததாகப் பெரிய ஆன்டெனா ஒன்று கட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். கம்பெனி சம்மதிக்கவில்லை. தொலைபேசிக்காரர்களைப் பொறுத்தவரை இரைச்சல் எது என்று தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது.

அறிவியலிலும் பொறியியலிலும் எந்த அளவீட்டை எடுத்தாலும் நமக்கு வேண்டியது ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. முன்னது சமிக்ஞை, பின்னது இரைச்சல். முதலாவதன் ஆற்றலை இரண்டாவதன் ஆற்றலால் வகுத்தால் கிடைப்பது சமிக்ஞை-இரைச்சல் விகிதம். பொறியாளர்கள் இதை டெசிபெலில் சொல்வார்கள்: பத்து மடங்கு என்றால் 10 டெசிபெல், நூறு மடங்கு என்றால் 20, இரண்டும் சமம் என்றால் பூஜ்யம். இதில் முக்கியமானது, இது ஒரு விகிதம் என்பதுதான். சமிக்ஞை எவ்வளவு சின்னது என்ற கவலை ஒரு நல்ல கருவி செய்பவருக்கு இரண்டாம்பட்சம். அதன் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதே அவருடைய முதல் கேள்வி.

சரியாகக் கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டு என்பது நம் எல்லோருக்கும் கைவந்த வைத்தியம். ரேடியோவின் குமிழைத் திருகினால் பாட்டும் கூடும், கரகரப்பும் அதே அளவு கூடும். விகிதம் அப்படியே இருக்கும். உண்மையில் கொஞ்சம் மோசமாகிவிடும். ஏனென்றால் ஒலியைப் பெருக்கும் மின்சுற்றும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. மலிவாகச் செய்ததால்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போகாத இரைச்சல் ஒன்று உண்டு.

அதை அளந்தவர் ஜான் ஜான்சன், விளக்கியவர் ஹாரி நைக்விஸ்ட். இருவருமே ஸ்வீடனில் பிறந்தவர்கள், இருவருமே பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. ஒரு மின்தடையை எதிலும் இணைக்காமல் சும்மா மேசையில் வைத்தாலும், அதனுள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த அலைச்சல் இரு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய, நிலையில்லாத மின்னழுத்தமாகத் தெரியும். மின்தடை கரியால் ஆனதா, கம்பியால் ஆனதா என்பது பொருட்டே இல்லை. அது வெளியே கொடுக்கக்கூடிய இரைச்சலின் ஆற்றலைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: வெப்பநிலை, நாம் காது கொடுக்கும் அலைவரிசையின் அகலம். இந்த இரைச்சலை அளந்தே ஜான்சன் இயற்பியலின் அடிப்படை எண்களில் ஒன்றான போல்ட்ஸ்மான் மாறிலியை, இன்றைய மதிப்புக்குச் சுமார் 8 சதவீத வித்தியாசத்தில் கணக்கிட்டுவிட்டார். 2019-இல் கெல்வின் என்ற வெப்பநிலை அலகுக்குப் புதிய வரையறை கொடுப்பதற்காக அந்த மாறிலியை மிகத் துல்லியமாகத் தீர்மானித்தபோது, கையாளப்பட்ட வழிகளில் இதே மின்தடை இரைச்சலும் ஒன்று.

வெப்பநிலையும் அகலமும்தான் இரைச்சலின் இரண்டு கைப்பிடிகள் என்றால், அவற்றைப் பிடித்துக் குறைக்கலாம் அல்லவா? வாயேஜர்-1 விண்கலத்தோடு இன்றும் பேச முடிவது அப்படித்தான்.

1977 செப்டம்பரில் கிளம்பிய அந்தக் கலம் இப்போது சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் ஒலிபரப்பியின் சக்தி சுமார் 23 வாட். குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் குண்டு பல்பு அளவுதான். தன் 3.7 மீட்டர் தட்டால் அதைக் குவித்துப் பூமியை நோக்கி அனுப்புகிறது. ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். கடலில் கரைத்த பெருங்காயமாக வந்து சேரும் அதை, 70 மீட்டர் விட்டமுள்ள ராட்சதத் தட்டால் ஏந்தினாலும் என்ன கிடைக்கும்? ஒரு வாட்டை நூறு கோடியால் வகுத்து, வந்ததை இன்னொரு முறை நூறு கோடியால் வகுங்கள். அதிலும் ஏறக்குறையப் பாதி.

இனி எதிர்த்தரப்பின் பலத்தைக் கைக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஏற்பியின் முன்பகுதியைத் திரவ ஹீலியத்தின் வெப்பநிலையை ஒட்டிக் குளிரவைத்து, வானம், தரை, கருவி எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்து, வெப்பநிலைக் கணக்கில் சுமார் 20 கெல்வினுக்குள் அடக்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாயேஜர் இப்போது வினாடிக்கு 160 பிட் வேகத்தில் பேசுகிறது. அதற்குத் தேவையான குறுகிய அகலத்தில் இரைச்சலின் ஆற்றல், வந்து சேரும் சமிக்ஞையில் பத்தில் ஒரு பங்குதான். விகிதம் நமக்குச் சாதகம். அதே ஏற்பி நம் வீட்டு அறையின் வெப்பநிலையில் இருந்திருந்தால் இரைச்சல் பதினைந்து மடங்கு கூடி, சமிக்ஞையை மூழ்கடித்திருக்கும். குளிரவைத்துவிட்டு வேகத்தை மட்டும் கூட்டினாலும் இதே கதிதான். 1979-இல் வியாழன் கோளுக்கு அருகில் இருந்தபோது வாயேஜர் வினாடிக்கு 1,15,200 பிட் அனுப்பியது. இன்றைய தூரத்திலிருந்து அந்த வேகத்தில் பேசினால், அதற்கு வேண்டிய அகலத்துக்குள் நுழையும் இரைச்சல் சமிக்ஞையைப் போல அறுபது மடங்குக்கும் மேல் இருக்கும். ஒரு சொல்லும் புரியாது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே தாத்தாவிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோமே, வாயேஜரும் அதைத்தான் செய்கிறது.

வேகத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இந்தப் பேரத்துக்குத் துல்லியமான சூத்திரம் கொடுத்தவர் கிளாட் ஷானன், 1948-இல். அவரும் பெல் ஆய்வகத்துக்காரரே. அந்த ஆய்வகத்தில் இரைச்சலைத் தவிர வேறெதையும் பற்றி யாரும் பேசவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. அகலமும் விகிதமும் தெரிந்துவிட்டால், ஒரு வழித்தடத்தில் பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு செய்தி அனுப்பலாம் என்று ஷானனின் சூத்திரம் சொல்லிவிடும். அதில் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. சமிக்ஞையைவிட இரைச்சல் பெரிதாக இருந்தாலும் அந்த அளவு பூஜ்யமாகாது. மூழ்கிப்போன சமிக்ஞையிலும் செய்தி உண்டு.

நம்ப முடியவில்லையென்றால் கையிலிருக்கும் போனில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை நம் போனை அடையும்போது, அதே அலைவரிசையில் இருக்கும் வெப்ப இரைச்சல் அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பெரிது. போனில் திரவ ஹீலியமும் இல்லை, 70 மீட்டர் தட்டும் இல்லை. இருப்பது முன்தகவல். ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துண்டுகள் கொண்ட தனக்கே உரிய ஒரு குறியீட்டை, மில்லிவினாடிக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அந்தக் குறியீடுகள் அத்தனையும் போனுக்கு மனப்பாடம். வந்து விழும் குப்பையின் மீது தனக்குத் தெரிந்த குறியீட்டை ஒவ்வொரு இடமாக நகர்த்தி வைத்துப் பெருக்கிக் கூட்டிப் பார்க்கும். சரியான இடத்தில் பொருந்தும்போது ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளும் ஒரே பக்கமாகச் சேரும். இரைச்சலோ கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடும். விகிதம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு உயர்ந்து, மூழ்கியிருந்தது தலைதூக்கும். அந்தப் பொருத்தம் எந்த நொடித்துகளில் நிகழ்ந்தது என்பதிலிருந்து செயற்கைக்கோளின் தூரம் தெரிகிறது.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால் இவ்வளவும் சரி. தெரியாதபோது? அப்போது இரைச்சலுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு நான் பார்த்தவரை ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் எழுதிய கணக்கைப் போல அழகானது வேறில்லை. ஊர் மறுபடியும் ஹோம்டெல்தான். 1964-இல் அவர்கள் பெல் ஆய்வகத்தின் 20 அடிக் கொம்பு ஆன்டெனாவை வானத்தை நோக்கித் திருப்பி வைத்து, வரும் இரைச்சலைக் கெல்வினில் அளந்தார்கள். ஒப்பிடுவதற்கு, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த, திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட ஓர் இரைச்சல் மூலத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நேர் உச்சியைப் பார்க்கும்போது மொத்தம் 6.7 கெல்வின். அதில் வளிமண்டலத்தின் பங்கு 2.3. ஆன்டெனாவின் உலோகத்தில் ஏற்படும் இழப்பும், பின்பக்கமாகத் தரையிலிருந்து கசிந்து வருவதும் சேர்ந்து 0.9. மீதி 3.5 கெல்வினுக்கு ஆள் இல்லை. எந்தத் திசையில் திருப்பினாலும், எந்தப் பருவத்தில் பார்த்தாலும் அதே மீதி. கொம்புக்குள் புறாக்கள் குடியிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைத் துடைத்து, உலோகத் தகடுகளின் இணைப்புகளுக்கு நாடா ஒட்டியும் பார்த்தாயிற்று. மீதி அசையவில்லை.

புறாக் கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அந்த மூன்று எண்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. தன் கருவியின் இரைச்சல் எவ்வளவு என்று கடைசிப் பைசா வரை தெரியாத ஒருவருக்கு, 3.5 கெல்வின் மிஞ்சுகிறது என்பதே தெரிந்திருக்காது. 'கருவி கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது' என்று போயிருப்பார். அதே சமயத்தில், பக்கத்திலேயே இருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு, பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைத் தேடுவதற்குக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சிய இரைச்சல் அதுதான் என்று விளங்கியதும் 1965-இல் இரு குழுக்களின் கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன. பென்சியாஸும் வில்சனும் எழுதிய கட்டுரையின் தலைப்பில் பிரபஞ்சம் என்ற சொல்லே கிடையாது. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆன்டெனா வெப்பநிலை கூடுதலாக இருப்பதை அளந்தோம், அவ்வளவுதான். 1978-இல் நோபல் பரிசு வந்தது.

கேம்பிரிட்ஜில் 1967-இல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல்லின் கதையும் இதே குடும்பம்தான். அங்கிருந்த ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் வரைபடத் தாள் வரும். அவ்வளவையும் கண்ணால் பார்த்து, எது மனிதர்கள் உண்டாக்கும் குறுக்கீடு, எது வானம் என்று பிரிப்பது அவர் வேலை. அதில் ஒரு செண்டிமீட்டருக்கும் குறைவான ஒரு கிறுக்கல், எந்த வகையிலும் சேராமல் உறுத்தியது. ஜான்ஸ்கியின் ஓசையைப் போலவே அதுவும் நட்சத்திர நேரத்தைக் கடைப்பிடித்தது. வரைபடத் தாளை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது 1.337 வினாடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்களில் முதலாவது அது. அதற்கான நோபல் பரிசு 1974-இல் அவருடைய பேராசிரியருக்குப் போனது. அது தனிக் கணக்கு.

அந்த கேம்பிரிட்ஜ் கருவி கட்டப்பட்டது பல்சாருக்காக அல்ல. சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றைக் கடந்து வரும்போது, தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்குகின்றன. அந்த மினுக்கலைப் பார்க்கத்தான். ஒரு மூலத்தின் பிரகாசத்தை மட்டும் அளக்க நினைப்பவருக்கு அந்த மினுக்கல் ஓர் இடைஞ்சல். நம் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியில் அதையே சரக்காக்கினார்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முழுமைபெற்ற அது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊரின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டியதால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மினுக்கலை அளந்து அளந்து, சூரியக் காற்று எவ்வளவு அடர்த்தியாக, எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக அங்கே கணக்கிட்டு வருகிறார்கள்.

இரைச்சலைச் சமிக்ஞை என்று நினைத்து ஏமாந்த கதைகளும் உண்டு. தென் துருவத்தில் இயங்கிய பைசெப்-2 தொலைநோக்கியின் குழு, பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைகளுடைய தடத்தைக் கண்டுவிட்டதாக 2014 மார்ச்சில் அறிவித்தது. புள்ளியியல்படி விகிதம் மிக நன்றாகவே இருந்தது. ஆனால் 2015-இல் பிளாங்க் விண்கலத்தின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அவர்கள் கண்டதை விளக்க நம் பால்வெளியின் தூசியே போதும் என்று தெரிந்தது. தாறுமாறான இரைச்சலை நீண்ட நேரம் அளந்தால் குறைத்துவிடலாம். சீரான இரைச்சல் அளக்க அளக்க உறுதிப்பட்டுக்கொண்டே போகும். இந்த இரண்டாவது ரகம்தான் ஆபத்தானது.

இந்த வித்தியாசத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் துருவத்துக்குப் போக வேண்டாம். பச்சிளம் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க 'பெரா' என்றொரு பரிசோதனை செய்கிறார்கள். குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுப்பார்கள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் செவி நரம்பும் மூளைத்தண்டும் பத்து மில்லிவினாடிக்குள் பதில் சொல்லும். அந்தப் பதில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் பொது நடமாட்டமும் தசைகளின் அசைவும், வடிகட்டிய பிறகும் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் பதில் எப்போதும் 'டிக்'குக்குப் பின் அதே தாமதத்தில் வரும், இரைச்சல் அப்படி வராது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். நூறு முறை என்றால் பத்தில் ஒன்று, இரண்டாயிரம் முறை என்றால் சுமார் 45-இல் ஒன்று.

சீரான இரைச்சல் இங்கே நம் மின்சாரம். சுவருக்குள் ஓடும் கம்பியிலிருந்து வினாடிக்கு 50 முறை துடிக்கும் ரீங்காரம் எல்லா மின்முனையிலும் ஏறும். வினாடிக்குச் சரியாக 10 அல்லது 25 'டிக்' கொடுத்தால், ஒவ்வொரு 'டிக்'கின் போதும் ரீங்காரம் அதே நிலையில் இருக்கும். சராசரி எடுக்க எடுக்க அதுவும் பதில் மாதிரியே வளர்ந்து நிற்கும். அதனால் வினாடிக்கு 11.1, 21.1 என்று வேண்டுமென்றே ஒட்டாத எண்ணாக வைக்கிறார்கள். கருவியின் திரையில் அந்தத் தசமத்தைப் பார்த்தால் யாரோ தவறாகத் தட்டச்சு செய்துவிட்டதாகத் தோன்றும்.

வர்க்கமூலக் கணக்குக்கு விலை உண்டு. வினாடிக்கு 21.1 வீதம் இரண்டாயிரம் 'டிக்' கொடுக்கச் சுமார் ஒன்றரை நிமிடம் போதும். குழந்தை சிணுங்கித் தசை இரைச்சல் இரண்டு மடங்கானால், அதே தெளிவுக்கு நான்கு மடங்கு 'டிக்' வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆறு நிமிடத்தைத் தாண்டும். இரண்டு காது, ஒவ்வொன்றிலும் பல ஒலி அளவுகள் என்று பெருக்கிப் பாருங்கள். 'குழந்தையைத் தூங்கவைத்துக் கொண்டுவாருங்கள்' என்று பரிசோதனைக்கூடத்தில் கறாராகச் சொல்வது இதனால்தான். வரும் முன் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அங்கே பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். போன்களை அணைத்து வையுங்கள். முதல் பரிசோதனையில் தெளிவாக இல்லை, திரும்ப வாருங்கள் என்றால் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. பல நேரம் அன்றைக்கு விகிதம் போதவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் சொன்ன தேதியில் மறுபடி கட்டாயம் போய்விடுங்கள்.